கொப்பியில் இருப்பதை அச்சில் கொண்டு வருவது எப்படி?



இந்த வருஷத் தொடக்கத்தில் ஒரு நாள், பிள்ளைக் காம்பராவில் பிள்ளைகளுக்கு நிறை பார்த்துக்கொண்டிருந்தேன். மலையிலிருந்து பகல் சாப்பாட்டுக்கு இறங்கி வந்த ஒரு பெண்பிள்ளை வாசலில் தயங்கித் தயங்கி நின்றாள். இருபது வயது இருக்கும். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு நாலு வருஷமாகக் கொழுந்து எடுக்கிறவள். இடுப்பில் கட்டியிருந்த படங்குக்குள்ளே இருந்து ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து நீட்டினாள்.

“ஐயா, இதுல எட்டுக் கதை எழுதி வச்சிருக்கேன். அப்பாவுக்குத் தெரியாது. இத புஸ்தகமாப் போட எவ்வளவு காசு முடியும்?”

“நீ எவ்வளவு வச்சிருக்க?”

“காசு இல்லீங்க. அம்மாவோட தோடு ஒரு சோடி இருக்கு. அடகு வச்சா…”

தோட்டைத் தொடாதே, கொப்பியை மட்டும் தந்துவிட்டுப் போ என்று சொல்லி அனுப்பினேன். அன்று இரவே வாசித்தேன். எட்டில் மூன்று சினிமா பார்த்து எழுதியது போல இருந்தது. மற்றவை பரவாயில்லை. ஒன்று மட்டும் என்னை நித்திரை கொள்ள விடவில்லை. நாள் முழுக்க மழையில் நனைந்து கொழுந்து எடுத்தும், இரண்டு கிலோ குறைந்துபோனதால் அரைப் பேர் விழுந்த ஒரு தாயின் கதை. வாசிக்கும்போது நிறுக்கிற இடத்தில் நானே பக்கத்தில் நிற்பதுபோல இருந்தது.

இந்தப் பிள்ளையைப் போல எழுதி வைத்திருக்கிறவர்கள் எங்கள் லயங்களில் இன்னும் எத்தனை பேரோ. அவர்களுக்கும், பிள்ளைகள் எழுதுவதைக் கண்டால் “இது சோறு போடுமா” என்று ஏசுகிற தாய் தகப்பன்மாருக்கும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரை. வன்னியில் குடியேறி இருக்கிற எங்கள் உறவுகளுக்கும் இந்தச் செய்திமடல் தபாலில் போகிறது. அவர்களுக்கும் இது பயன்படும்.

முதலில் ஒரு பிரதி

அச்சு, புத்தகம் என்ற பேச்செல்லாம் பிறகு. எழுதியது ஒரே ஒரு கொப்பியில் மட்டும் இருக்கிறதென்றால், அதற்கு இன்னொரு பிரதி எடுப்பதுதான் முதல் வேலை. இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்குக் காரணம் இருக்கிறது.

1977 ஆம் ஆண்டு ஆவணிக் கலவரத்தோடு எங்கள் தாத்தா குடும்பம் தோட்டத்தை விட்டு லொறி ஏறிக் கிளிநொச்சிப் பக்கம் போனது. காடு வெட்டி, கொட்டில் போட்டு, சேனை செய்து பிழைத்தார்கள். நான் பிறந்தது அங்கேதான். (என்னுடைய பேச்சில் “எங்கட”, “உங்கட” என்று வருவதைக் கேட்டு இங்கே சிரிக்கிறவர்கள் உண்டு. கிளிநொச்சியில் “வாங்க, போங்க” என்று சொன்னதற்கு அங்கே சிரித்தார்கள். இரண்டு பக்கமும் சிரிப்பு வாங்கியே வளர்ந்தவன் நான்.)

என் அப்பாவின் மூத்த அக்கா, எனக்கு அத்தை. ஐந்தாம் வகுப்பு வரையும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். தாலாட்டு, ஒப்பாரி, தெம்மாங்கு, காமன் கூத்துப் பாட்டு என்று அவருக்குத் தெரியாதது கிடையாது. வயது போன காலத்தில் அதையெல்லாம் மூன்று மொனிட்டர் கொப்பிகளில் எழுதி வைத்தார். இடையிடையே, லொறியில் வந்த இரவு, முதல் மழைக்குக் கொட்டில் ஒழுகியது, கிணறு வெட்டியபோது தண்ணீர் கண்டது என்று தன் கதையையும் எழுதினார். எழுத்துப்பிழை நிறைய. ஆனால் அப்படி ஒரு எழுத்தை நான் பிறகு எந்தப் புத்தகத்திலும் வாசிக்கவில்லை.

நகரத்தில் போட்டோக் கொப்பி எடுத்துத் தருகிறேன் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அடுத்த கிழமை, அடுத்த கிழமை என்று தள்ளிப்போனது. 2008 கடைசியில் இடப்பெயர்வு தொடங்கியது. தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று சனத்தோடு சனமாக நகர்ந்து, 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்கு வந்து சேர்ந்தபோது, அத்தையின் கையில் ஒரு சொப்பிங் பை இருந்தது. காணி உறுதி இருந்தது, பிறப்புச் சான்றிதழ்கள் இருந்தன, அடையாள அட்டை இருந்தது. கொப்பிகள் இல்லை. எந்த இடத்தில் விட்டோம் என்றுகூட அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு நான் பக்கத்தில் இருந்து கேட்டு எழுதப் பார்த்தேன். பாதிப் பாட்டு மறந்துபோனது. மிச்சத்தைச் சொல்ல மனம் வரவில்லை. இப்போது அவரும் இல்லை.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றில் வேறு எங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் கையெழுத்துப் பிரதிகளும் இருந்தன. அச்சிட்டவற்றை வேறு இடங்களில் தேடி எடுக்கலாம். ஒரே பிரதியாக இருந்தவற்றை எங்கே தேடுவது?

இன்றைக்கு இதற்குக் காசும் தேவையில்லை. கைத்தொலைபேசியில் ஒவ்வொரு பக்கமாக, பகல் வெளிச்சத்தில், நிழல் விழாமல் படம் எடுங்கள். எடுத்ததை இன்னொரு ஊரில் இருக்கிற உறவுக்காரருக்கு அனுப்பி வைக்கச் சொல்லுங்கள். லயத்தில் தீ பிடித்தால், மண் சரிந்தால், கூரைத் தகரம் காற்றில் போனால் எதுவும் மிஞ்சாது என்பது எங்களுக்குத் தெரியாததா? கொப்பியின் கடைசிப் பக்கத்தில் பெயரையும் எழுதி முடித்த திகதியையும் போட்டு வையுங்கள்.

புத்தகத்துக்கு முன்னால் ஒரு பக்கம்

தோட்டத்து எழுத்து என்ற ஒன்று எப்படி வெளியே வந்தது என்று தெரிந்துகொண்டால், எந்த வழியால் போக வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

மலையக எழுத்தாளர் பலரும் முதலில் புத்தகம் போட்டு வந்தவர்கள் அல்ல. பத்திரிகையின் ஒரு பக்கத்தில், ஒரு கதையோடு வந்தவர்கள். 1930 இல் தொடங்கிய வீரகேசரியில் ‘தோட்ட மஞ்சரி’ என்று ஒரு பகுதி இருந்தது. அதைப் பார்த்தவர் எஸ்.எம். கார்மேகம். மலைநாட்டு எழுத்தாளர் மன்றமும் வீரகேசரியும் சேர்ந்து அறுபதுகளில் சிறுகதைப் போட்டிகள் வைத்தன. பரிசு பெற்ற கதைகளைச் சேர்த்து 1971 இல் ‘கதைக்கனிகள்’ என்ற தொகுப்பு வந்தது. ஒரு கதை அனுப்பியவர்களின் பெயர் அப்படித்தான் புத்தகத்தில் ஏறியது.

என்.எஸ்.எம். ராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ கதை 1961 இல் தினகரனில் வந்தது. அதே பெயரில் அவருடைய கதைகள் புத்தகமானது 1980 இல். இடையில் 19 வருஷம்! அந்தப் புத்தகத்தைக் கொண்டு வந்தது மு. நித்தியானந்தன் நடத்திய வைகறை வெளியீடு. தெளிவத்தை ஜோசப்பின் ‘நாமிருக்கும் நாடே’ தொகுப்பையும் 1979 இல் அவர்களே போட்டார்கள். தெளிவத்தை என்பது அவருடைய பட்டமோ பரம்பரைப் பெயரோ இல்லை. அது பதுளைப் பக்கத்தில் உள்ள ஒரு தோட்டத்தின் பெயர். அந்தத் தோட்டத்தில் வேலை பார்த்தவர், அந்தப் பெயரையே முன்னால் வைத்துக்கொண்டு, 2022 இல் மறையும்வரை எழுதினார். 2013 இல் தமிழ்நாட்டில் விஷ்ணுபுரம் விருது அவருக்குக் கொடுக்கப்பட்டது. தோட்டத்தின் பெயரைச் சொல்ல வெட்கப்படுகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் காட்டுங்கள்.

வன்னியிலும் இதே வழிதான். தண்ணீரூற்றைச் சேர்ந்த அ. பாலமனோகரன் எழுதிய ‘நிலக்கிளி’ 1973 இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்தது. முல்லைத்தீவுக் காட்டோரத்துக் கிராம வாழ்க்கையைச் சொல்லும் நாவல். சாகித்திய மண்டலப் பரிசும் கிடைத்தது. எழுபதுகளில் இந்தியச் சஞ்சிகைகள், புத்தகங்கள் வருவதற்குக் கட்டுப்பாடு இருந்ததால், வீரகேசரி நிறுவனம் உள்ளூர் நாவல்களைக் குறைந்த விலைக்கு அச்சிட்டு, பத்திரிகை போகிற கடைகளுக்கெல்லாம் அனுப்பியது. பரந்தனைச் சேர்ந்த தாமரைச்செல்வியின் ‘சுமைகள்’ 1977 இல் அப்படித்தான் வந்தது. வயலும் குளமும் இடப்பெயர்வும்தான் அவருடைய கதைகள். கிளிநொச்சி எப்படி ஊரானது என்று அறிய விரும்புகிறவர்கள் அவருடைய ‘பச்சை வயல் கனவு’ நாவலைத் தேடி வாசிக்கலாம். நான் அதை மூன்று முறை வாசித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எங்கள் அத்தையின் கொப்பிதான் நினைவுக்கு வந்தது. தோட்டத்திலிருந்து போய்க் குடியேறிய எங்கள் சனத்தின் கதையை, அந்தச் சனத்துக்குள்ளே இருந்து எழுதியவர்கள் குறைவு. அந்த இடம் இன்னும் நிரம்பவில்லை.

“நாங்கள் படிக்காதவர்கள்” என்று சொல்கிறவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன். டொமினிக் ஜீவா. யாழ்ப்பாணத்தில் சலூன் நடத்தியவர். பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. 1966 ஆகஸ்டில் ‘மல்லிகை’ என்ற மாத இதழைத் தொடங்கி, தானே கையில் எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக விற்று, நாற்பது வருஷத்துக்கு மேல் நடத்தினார். மலையக எழுத்தாளர்களுக்கும் அதில் இடம் இருந்தது. தோட்டத்தில் வைத்தியராக இருந்த தி. ஞானசேகரன் 2000 ஆம் ஆண்டில் ‘ஞானம்’ இதழைத் தொடங்கினார். தோட்டத்தைப் பற்றிய அவருடைய நாவல் ‘குருதிமலை’. அந்தனி ஜீவா ‘கொழுந்து’ என்ற இதழை நடத்தியதோடு, மலையகப் பெண்களின் கதைகளைத் தேடிச் சேர்த்து ‘குறிஞ்சி மலர்கள்’ என்று வெளியிட்டார். வடமராட்சி அல்வாயிலிருந்து 2007 இல் வரத் தொடங்கிய ‘ஜீவநதி’ நூறு இதழ்களைத் தாண்டியது. புதியவர்களின் எழுத்துக்கு அதில் இடம் உண்டு.

இந்தப் பழைய இதழ்களையும் புத்தகங்களையும் எங்கே தேடுவது என்று யோசிக்க வேண்டாம். நூலகம் நிறுவனம் என்று ஒரு அமைப்பு 2005 இலிருந்து ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் படம் பிடித்துச் சேர்த்து வைக்கிறது. கைத்தொலைபேசியிலேயே காசில்லாமல் வாசிக்கலாம். எழுத நினைக்கிறவர்கள் முதலில் பத்து ‘மல்லிகை’ இதழாவது வாசித்துப் பார்க்க வேண்டும் என்பது என்னுடைய அபிப்பிராயம். வாசிக்காமல் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சினிமாப் பாட்டைத்தான் திருப்பி எழுதுகிறார்கள்.

அனுப்பும்போது கவனிக்க வேண்டியது

ஒரு தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுத வேண்டும். வரிகளுக்கு இடையே இடம் விடவும். தலைப்பு, பெயர், புனைபெயர் இருந்தால் அதுவும், சொல் எத்தனை என்பதும் முதல் தாளில். இப்போது பல இடங்களில் கம்பியூட்டரில் அல்லது தொலைபேசியில் தட்டச்சுச் செய்து அனுப்பச் சொல்கிறார்கள். உங்கள் வீட்டில் ஏ.எல். படிக்கிற பிள்ளை இருந்தால் அந்த வேலையை அதற்குக் கொடுங்கள். ஒரே கதையை ஒரே நேரத்தில் நாலு பத்திரிகைக்கு அனுப்பக் கூடாது. இரண்டு இடத்தில் ஒன்றாக வந்துவிட்டால், ஆசிரியர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் விலாசம். லயத்துக்குத் தனி இலக்கம் இல்லாத தோட்டங்களில் கடிதங்கள் ஒன்றாக ஆபீசுக்கு வந்து, அங்கேயே கிடந்து, சில நேரம் யார் கையிலோ போய்ச் சேர்ந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் பிந்தி வந்து வேலையை இழந்தவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். கதை வந்த பத்திரிகைப் பிரதியும், சன்மானம் அனுப்பினால் அதுவும் இப்படித்தான் தொலையும். ஆகவே கடிதத்தில் தொலைபேசி இலக்கத்தைக் கட்டாயம் எழுதுங்கள். விலாசத்துக்குப் பாடசாலையையோ கோயிலையோ தெரிந்த கடையையோ, அவர்களிடம் கேட்டுக்கொண்டு, ‘மேற்பார்த்து’ என்று போடலாம்.

பதில் வராவிட்டால்? வராது என்றே நினைத்துக்கொள்ளுங்கள். பல ஆசிரியர்கள் வேண்டாம் என்றும் எழுதுவதில்லை. மூன்று மாதம் பார்த்துவிட்டு வேறு இதழுக்கு அனுப்புங்கள். அந்த மூன்று மாதத்தில் அடுத்த கதையை எழுதலாம்.

எங்கள் சொற்களை மாற்ற வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். பிரட்டு, படங்கு, அரைப் பேர், கைக்காசு, கவ்வாத்து என்று எழுதினால் மற்றவர்களுக்கு விளங்குமா என்று பயம். கதை சரியாக இருந்தால் விளங்கும். “பிரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டு மலைக்கு ஏறினாள்” என்றால் யாருக்கு விளங்காது? யாழ்ப்பாணத்துப் பேச்சை இரவல் வாங்கி, கங்காணியை “என்னப்பா சொல்லுறியள்” என்று பேச வைத்தால்தான் பிழை. வன்னியில் வளர்ந்த பிள்ளைகள் இரண்டு பேச்சும் கலந்து எழுதலாம். அங்கே உண்மையிலேயே அப்படித்தானே பேசுகிறார்கள்.

இன்னொன்று. பக்கத்துக் காம்பராவில் நடந்ததை எழுதும்போது பெயரை மாற்றுங்கள், தோட்டத்தை மாற்றுங்கள். ஒரு பெண்ணின் கஷ்டத்தை எழுதி நாங்கள் பெயர் எடுக்க, அவள் பீலிக்கரையில் தலை குனிந்து நிற்கக் கூடாது.

புத்தகம் என்று வரும்போது

ஏழு எட்டுக் கதை பத்திரிகைகளில் வந்த பிறகு புத்தகத்தைப் பற்றி யோசிக்கலாம். வந்த கதைகளின் வெட்டுத் துண்டுகள் ஒரு கோவையில் இருந்தால், எந்தப் பதிப்பாளரிடமும் வெறுங்கையோடு போக வேண்டியதில்லை.

காசு இல்லாதவர்களுக்கு என்ன வழி? முதலாவது, உங்கள் பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தர் ஒருவர் இருக்கிறார். பிரதேச இலக்கியப் போட்டிகள், கவிதை, சிறுகதை, பாடல் என்று அவர்கள் மூலமாகத்தான் நடக்கும். பிரதேசத்தில் வென்றால் மாவட்டம், பிறகு தேசிய மட்டம். விண்ணப்பம் கேட்பது ஒரு சில கிழமைக்குத்தான். நாங்களாகப் போய் விசாரிக்காவிட்டால் தோட்டத்துக்கு அந்த அறிவித்தல் வந்து சேராது. வடக்கில் இருப்பவர்களுக்கு, மாகாணப் பண்பாட்டலுவல்கள் திணைக்களம் சிறந்த நூல்களுக்குப் பரிசு கொடுத்து வந்திருக்கிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாவில் உள்ளவர்கள் தங்கள் பிரதேச செயலகத்திலேயே அதையும் கேட்கலாம்.

இரண்டாவது, கொழும்பு 7 இல் உள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை. கையெழுத்துப் பிரதிகளைக் கோரி, தெரிவானவற்றை அச்சிட உதவுகிற ஒரு திட்டம் அவர்களிடம் இருக்கிறது. பத்திரிகையில் விளம்பரம் வரும்போது மூன்று மொழியிலும் வரும். புத்தகத்தின் பின்னட்டையில் 978 என்று தொடங்கும் 13 இலக்கம் பார்த்திருப்பீர்கள். அதை இந்த நாட்டில் கொடுக்கிறவர்களும் அவர்கள்தான். இலங்கைப் புத்தகம் என்றால் 978க்குப் பிறகு 955 அல்லது 624 இருக்கும். எழுதியவரே விண்ணப்பித்து எடுக்கலாம். இதற்கு இடையில் தரகர் யாரும் தேவையில்லை.

மூன்றாவது, கொழும்பில் உள்ள கொடகே நிறுவனம் போன்ற பதிப்பகங்கள் நடத்திய கையெழுத்துப் பிரதிப் போட்டிகள். கொடகேயின் போட்டியில் தமிழ்ப் பிரதிகளுக்கும் இடம் இருந்திருக்கிறது. வெல்கிற பிரதியை அவர்கள் செலவில் போடுவார்கள். இப்படியான அறிவித்தல்களுக்காக ஞாயிறு பத்திரிகையை ஒரு மூலை விடாமல் பார்க்க வேண்டும்.

தனியாக வருவதைவிடச் சேர்ந்து வருவதும் நல்லது. வர்த்தகரான துரை விஸ்வநாதன் தன்னுடைய துரைவி பதிப்பகத்தின் மூலம் 1997 இல் ‘மலையகச் சிறுகதைகள்’ என்று 33 பேருடைய கதைகளை ஒரே புத்தகமாகப் போட்டார். ஊடறு பெண்கள் 2007 இல் மலையகப் பெண்களின் கவிதைகளை ‘இசை பிழியப்பட்ட வீணை’ என்று தொகுத்தார்கள். ஒவ்வொருவரும் தனித்தனியே புத்தகம் போட நினைத்திருந்தால் அதில் பாதிப் பேர் அச்சையே கண்டிருக்க மாட்டார்கள்.

ஆனால் தொகுப்பு என்ற பெயரில் ஏமாற்றும் நடக்கிறது. “உங்கள் கவிதையைத் தெரிவு செய்துள்ளோம், இவ்வளவு ரூபாய் அனுப்புங்கள், சான்றிதழும் பட்டமும் தருவோம்” என்று தொலைபேசியில் செய்தி வரும். கவிச்சுடர், கவிமாமணி என்று காசுக்கு விற்கிற பட்டம் எதற்கு? பொன்னாடையைப் போர்த்திப் படம் எடுத்துவிட்டு, அடுத்த ஆளுக்கும் அதே பொன்னாடையைப் போர்த்துவதை என் கண்ணால் பார்த்தேன். உங்கள் எழுத்துக்கு அவர்கள் காசு தராவிட்டாலும் பரவாயில்லை. உங்களிடம் காசு கேட்டால் அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ளுங்கள்.

நானும் ஒருமுறை ஏமாந்தவன்தான். சில வருஷத்துக்கு முன்னால் சுகாதாரப் பாட்டுகள் எழுதி, சம்பளத்தில் கடன் எடுத்து, ஒரு பட்டணத்து அச்சகத்தில் முழுக் காசையும் முன்கூட்டியே கட்டி 500 பிரதி அடித்தேன். ஒப்புநோக்கத் தரச் சொன்னேன், நேரமில்லை என்றார்கள். நானும் விட்டுவிட்டேன். புத்தகம் வந்தது. ‘கொழுந்து’ என்று வர வேண்டிய இடமெல்லாம் ‘கொழுத்து’! தாய்மாருக்குப் போசாக்குச் சொல்லும் பாட்டில், கூடை நிறையக் கொழுத்து. 500 பிரதியில் இன்னும் முந்நூறுக்கு மேல் என் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. கறையானுக்கு மட்டும் பிழை தெரியவில்லை.

ஆகவே அச்சகத்துக்குப் போகிறவர்கள் சிலதைத் தெரிந்து வைத்திருங்கள். அச்சுத் தாள் பெரும்பாலும் 16 பக்கம் ஒரு பாரம் என்று மடியும். 96 பக்கத்தில் அடங்குகிற புத்தகத்தை 99 பக்கமாக்கினால், மூன்று பக்கத்துக்காக ஒரு பாரத்தின் செலவு கூடும். இரண்டு மூன்று அச்சகத்தில் எழுத்தில் விலை கேளுங்கள். பாதிக் காசுக்கு மேல் முன்பணம் கொடுக்காதீர்கள். ஒப்புநோக்கின தாளில் நீங்கள் கையெழுத்து வைத்த பிறகுதான் அடிக்க வேண்டும் என்று சொல்லுங்கள். வாசித்துப் பார்க்க நீங்கள் மட்டும் போதாது. எங்கள் பிழை எங்கள் கண்ணுக்குத் தெரியாது, பாடசாலை ஆசிரியர் ஒருவரைப் பிடியுங்கள். இப்போது டிஜிட்டல் முறையில் நூறு பிரதி மட்டும்கூட அடிக்கலாம். ஒரு பிரதிக்கு விலை கூடும்தான், ஆனால் கட்டிலுக்குக் கீழே பெட்டி இருக்காது.

வெளியீட்டு விழாவில் முதற்பிரதி, சிறப்புப் பிரதி என்று கவர் கொடுப்பது எங்கள் நாட்டில் நல்ல வழக்கம். அச்சுக் கடனின் ஒரு பகுதி அதில் அடைபடும். முழுவதும் அடைபடும் என்று நம்பி நகையை வைக்காதீர்கள். மழை பெய்தால், வேறு கல்யாணம் இருந்தால், தலைவர் வராவிட்டால், மண்டபம் காலி.

உரிமை பற்றியும் ஒரு வார்த்தை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, நீங்கள் எழுதிய உடனேயே அது உங்கள் சொத்து. பதிவு செய்யத் தேவையில்லை. உங்கள் வாழ்நாள் முழுக்கவும், அதற்குப் பிறகு 70 வருஷமும் அந்த உரிமை உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் இருக்கும். பதிப்பாளர் ஒரு கடுதாசியில் கையெழுத்து வாங்கினால், இந்த ஒரு பதிப்புக்கா, எல்லா உரிமையும் நிரந்தரமாகவா என்று வாசித்துப் பார்க்க வேண்டும். விளங்காத மொழியில் இருந்தால் கையெழுத்து வைக்காமல் கொண்டு வாருங்கள். எத்தனை பிரதி உங்களுக்குத் தருவார்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

அந்தப் பிள்ளையின் கதைக்கு வருகிறேன். அரைப் பேர்க் கதையை மட்டும் எடுத்து இரண்டு முறை திருத்தி எழுதினாள். கடைசியில் இருந்த புத்திமதி நாலு வரியை வெட்டச் சொன்னேன், முகத்தைத் தூக்கிக்கொண்டு வெட்டினாள். ஒரு ஞாயிறு பத்திரிகைக்கு அனுப்பினோம், பதில் இல்லை. மூன்று மாதம் கழித்து ஒரு மாத இதழுக்கு அனுப்பியிருக்கிறோம். தகப்பனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஏசவில்லையாம். “தராசுல நம்ம கங்காணி கைய வச்சத எழுதினியா?” என்று மட்டும் கேட்டாராம். தோடு அம்மாவின் காதில்தான் இருக்கிறது.

எழுதி வைத்திருப்பவர்கள் சனிக்கிழமை கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு என்னுடைய அறைக்கு வரலாம். பெரிய கடித உறையும் முத்திரையும் வாங்கி வைத்திருக்கிறேன். பிரதேச செயலகத்துப் போட்டி அறிவித்தல் வந்தால் பிள்ளைக் காம்பராச் சுவரில் ஒட்டுவேன். வயது போனவர்கள், எழுதத் தெரியாவிட்டாலும், பாட்டுத் தெரிந்தவர்கள் வாருங்கள். நீங்கள் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஏ.எல். பிள்ளைகள் இரண்டு பேர் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். வரும்போது கொப்பியை மழையில் நனையாமல் ஒரு உறையில் சுற்றிக்கொண்டு வாருங்கள்.